நடுவில் உறையாத பெக்கான் பை: ஒரு நிகழ்வு ஆய்வு

பெக்கான் பை என்பது க்ரஸ்ட் எனப்படும் மாவு ஓட்டுக்குள் சிரப்பும் முட்டையும் பெக்கான் என்ற கொட்டைப் பருப்பும் நிரப்பிச் சுடும் அமெரிக்க இனிப்பு. ஒன்பது அங்குலக் கண்ணாடித் தட்டு. 175 டிகிரி செல்சியஸ் ஓவன். 55 நிமிடம் ஆனபோது மேலே இருந்த பருப்புகள் கறுக்கத் தொடங்கியதால் பை வெளியே எடுக்கப்பட்டது. ஒரு மணி நேரம் கழித்து வெட்டினால், ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை துண்டு நிற்கிறது. நடுவில் இருப்பது பாகாக ஓடி, கத்தி போன தடத்தை நிரப்பிவிடுகிறது. அடியில் க்ரஸ்ட் வெளிறி, நசநசவென்று, பச்சை மாவு வாசனையோடு தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்போ கரும்பழுப்பு. மேல்பருப்பில் கசப்பு.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் நவம்பர் மாத நன்றி நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) பெக்கான் பை சுடும் வீடுகளில் ஆண்டுதோறும் நேரும் தவறு இது. தனித்தனியாக வரும் அறிகுறிகள் எல்லாம் ஒரே தட்டில் சேர்ந்துவிட்ட நிலையை இங்கே எடுத்துக்கொண்டு, காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறோம். (டெக்சாஸில் 'பெக்கான்' என்பார்கள், ஜார்ஜியாவில் 'பீக்கான்' என்பவர்களும் உண்டு. இங்கே முதலாவதையே வைத்துக்கொள்வோம்.)

போட்ட அளவு இது: மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் கார்ன் சிரப் 1 கப் (330 கிராம்), சர்க்கரை 1 கப் (200 கிராம்), முட்டை 3, உருக்கிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெனிலா 1 தேக்கரண்டி, பெக்கான் ஒன்றரைக் கப். சிரப் பாட்டில்களில் அச்சான குறிப்பாகப் பல பத்தாண்டுகளாக வீடுகளுக்குள் வந்த அளவு ஏறக்குறைய இதுதான். அளவில் குற்றம் இல்லை. இதே அளவில் அருமையான பை சுடுகிறவர்கள் தெற்கில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

பாகு இறுகவில்லை என்ற தவறான முடிவு

ஓடுகிற நடுப்பகுதியைப் பார்த்ததும் தோன்றுவது, பாகு போதிய பதத்துக்கு வரவில்லை என்பதுதான். அதிரசமும் கடலை மிட்டாயும் செய்து பழகிய கைக்கு இந்த எண்ணம் இன்னும் சீக்கிரம் வரும். அடுத்த முறை சிரப்பையும் சர்க்கரையையும் கம்பிப் பதம் வரை காய்ச்சி ஊற்றுவார்கள். ஆறிய பிறகு அந்தப் பை பல்லில் ஒட்டும் மிட்டாயாக இருக்கும். வேறு சிலர் இரண்டு கரண்டி சோள மாவு சேர்ப்பார்கள். அது நிற்கும், ஆனால் வெட்டிய பக்கம் மங்கலாகி, நாக்கில் மாவுத்தன்மை தெரியும்.

பெக்கான் பையை நிற்கவைப்பது முட்டை. பாகு எந்தப் பதத்தில் இருந்தாலும் முட்டையின் புரதம் உறையாத வரை நடுப்பகுதி நிற்காது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, நடுவில் இருந்த முட்டை எந்தச் சூட்டை எட்டியது என்பது மட்டுமே.

வெறும் முட்டையை அடித்துச் சூடாக்கினால் 70 டிகிரியைத் தாண்டியதும் உறைந்துவிடும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த கஸ்டர்ட் 80 முதல் 85 டிகிரிக்குள் உறையும். மேலே சொன்ன பெக்கான் கலவையைக் கணக்கிட்டால், பருப்பை விட்டுவிட்டுப் பார்க்கும்போது மொத்தம் சுமார் 700 கிராம். அதில் சிரப்பில் உள்ளதும் சேர்த்துச் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 450 கிராம். மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை! சர்க்கரை முட்டைப் புரதம் விரிந்து ஒன்றோடொன்று பிணைவதைத் தள்ளிப்போடும். சர்க்கரை ஏற ஏற உறையும் சூடும் ஏறும். பெக்கான் பையின் நடுப்பகுதி 93 டிகிரியைத் தொட்டால்தான் ஆறியபின் துண்டாக நிற்கும். இதே தெற்கின் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பையில் சர்க்கரை குறைவு, பாலும் கிழங்கின் மாவுச்சத்தும் உண்டு. அதனால் அதை 80 டிகிரியிலேயே வெளியே எடுத்துவிடலாம். இரண்டையும் அடுத்தடுத்து ஒரே ஓவனில் வைத்து ஒரே நேரக் கணக்கில் எடுப்பவர்கள் ஏதாவது ஒன்றைக் கெடுத்துக்கொள்வது இதனால்தான்.

175 டிகிரி ஓவனில் 55 நிமிடம் என்பது, கலவை குளிராகப் போயிருந்தால், நடுப்பகுதியை 93-க்குக் கொண்டுபோகப் போதாது. சுமார் 85 டிகிரியில் நின்றுவிட்ட பை எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது இந்தப் பை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். முட்டைப் பண்டங்களுக்கு அமெரிக்க அரசு சொல்லும் பாதுகாப்பான சூடு 71 டிகிரி. ஆக, ஓடுகிற பை என்றால் பச்சை முட்டை என்று பொருளில்லை. பாதுகாப்பு எல்லையைத் தாண்டியும் உறையாமல் இருக்கலாம். ஆனால் வெப்பமானி வைத்துப் பார்க்காத பையை அந்த நம்பிக்கையில் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

இந்தப் பண்டத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சான பழைய குறிப்புகளில் பெக்கான் பை என்பது பால், முட்டை, சர்க்கரையோடு பருப்பைச் சேர்த்த கஸ்டர்ட். 1902-இல் 'கேரோ' கார்ன் சிரப் கடைக்கு வந்தது. 1930-களில் அந்த நிறுவனம் சிரப் ஊற்றிய பையைப் பெரிதாகப் பரப்பியது. பால் போய் சிரப் வந்தது, முட்டை மட்டும் அப்படியே இருந்தது. கஸ்டர்ட் என்ற நினைவு மறைந்ததால்தான் இன்றும் பலர் இதைப் பாகுப் பண்டமாக நினைத்துச் சுடுகிறார்கள்.

முட்டையின் எடை

'3 முட்டை' என்று குறிப்பில் இருப்பது அமெரிக்கக் கடைகளில் 'லார்ஜ்' என்று விற்பது. ஓடு நீக்கி ஒன்று 50 கிராம், மூன்றுக்கு 150. ஓடு நீக்கி 42 கிராம் தேறும் சிறிய முட்டை மூன்றைப் போட்டால் கிடைப்பது 126 கிராம். உறையவைக்கும் பொருளில் 16 சதவீதம் குறைந்துவிட்டது, சிரப்பின் அளவு குறையவில்லை. நேரமும் சூடும் சரியாக இருந்தாலும் இந்தப் பை தளர்வாகத்தான் இருக்கும். முட்டையை எண்ணிப் போடாமல் உடைத்து எடைபோட வேண்டும். குறைந்தால் நான்காவது முட்டையை அடித்து, தேவையான கிராமை மட்டும் ஊற்ற வேண்டும். தமிழ்நாட்டுச் சமையலறையில் இதைச் சுடுபவர்களுக்கு இந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், இங்கே கடையில் கிடைக்கும் முட்டை பெரும்பாலும் அமெரிக்க லார்ஜைவிடச் சிறியது.

அடி வெளிறியதும் மேல் கருகியதும்

இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். தட்டு ஓவனின் மேல்பாதியில் இருந்தது. மேல்சூடு பருப்பின் மீது பூசியிருந்த சர்க்கரையைக் கருக்கியது. கீழே, குளிர்ந்த பச்சை மாவின் மீது குளிர்ந்த கனமான சிரப் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி மெதுவாகச் சூடேறும். அது சூடேறி மாவை எட்டுவதற்குள், மாவில் இருந்த வெண்ணெய் உருகி, இடைவெளிகளில் சிரப் இறங்கிவிட்டது. சிரப்பில் ஊறிய மாவு அதன்பிறகு எவ்வளவு நேரம் வெந்தாலும் மொறுமொறுப்பாகாது.

ஓவனின் குமிழ் காட்டும் எண்ணையும் நம்ப முடியாது. வீட்டு ஓவன்கள் 10, 20 டிகிரி தள்ளி நிற்பது சகஜம். உள்ளே கம்பியில் தொங்கவிடும் சிறிய ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கி, அரை மணி நேரம் வைத்துப் பார்த்து, வித்தியாசத்தை எழுதி வைத்துக்கொண்டால் இதோடு இன்னும் பத்துப் பண்டங்கள் திருந்தும்.

தீர்வு, க்ரஸ்டை முன்னதாகவே வேகவைப்பது. பழைய தெற்குக் குறிப்புகள் பல பச்சை மாவிலேயே ஊற்றச் சொல்கின்றன. அதிகச் சூடுள்ள அடித்தளத்தில் மெல்லிய உலோகத் தட்டை வைத்துச் சுட்டால் அதுவும் நடக்கும். ஆனால் வீட்டு ஓவனில், முன்வேகவைத்த க்ரஸ்டே எங்கள் தீர்மானம்.

பருப்பு

பெக்கான் வட அமெரிக்காவின் சொந்த மரம், மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் டெக்சாஸும் அதன் இயற்கையான வாழிடம். காட்டு மரங்களின் பருப்பு மரத்துக்கு மரம் அளவிலும் ஓட்டின் தடிமனிலும் மாறும். லூசியானாவின் ஓக் ஆலி தோட்டத்தில் அடிமையாக இருந்த அன்ட்வான் என்ற தோட்டக்காரர் 1846-ஐ ஒட்டி நல்ல மரத்தின் கிளையை ஒட்டுக்கட்டி வெற்றி கண்டார். அந்த வகை 1876-இல் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்று 'சென்டெனியல்' என்று பெயர் பெற்றது. ஒரே அளவில், உடையாத பாதிகளாகப் பையின் மேல் வட்டமாக அடுக்க முடிவது அவர் கைவேலையில் தொடங்கிய ஒட்டுமரங்களால். அவருடைய முழுப்பெயர்கூட ஏட்டில் இல்லை என்பது இந்தப் பண்டத்தைச் சுடும்போதெல்லாம் நினைக்கத்தக்கது. டெக்சாஸ் 1919-இல் பெக்கானை மாநில மரமாகவும், 2013-இல் பெக்கான் பையை மாநிலப் பையாகவும் அறிவித்தது.

இந்த நிகழ்வில் கசப்புக்குக் காரணம் கருகல் மட்டும்தானா என்பதையும் பார்க்க வேண்டும். பெக்கானின் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். அறைச்சூட்டில் சில மாதங்களில் காறிவிடும். வாயில் போட்டு மென்றால் முதலில் இனிப்பும் பிறகு வெண்ணெய்ச் சுவையும் வர வேண்டும். தொண்டையில் உறுத்தினாலோ பழைய எண்ணெய் வாசனை வந்தாலோ அந்தப் பையைத் தொடங்கவே வேண்டாம், சிரப் அதை மறைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அறுவடை. புதிதாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் ஓராண்டு நன்றாக இருக்கும்.

வறுக்காத பருப்பு சிரப்பில் வெந்தால் சவசவவென்று ஆகிவிடும். 175 டிகிரியில் 7 அல்லது 8 நிமிடம், வாசனை எழும் வரை மட்டும். நிறம் மாறும் வரை விட்டால் பையின் மேல் இரண்டாம் முறை வேகும்போது கசக்கும்.

திருத்திய முறை

க்ரஸ்டுக்கு: மைதா 160 கிராம், உப்பு அரை தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், ஐஸ் தண்ணீர் 45 முதல் 60 மில்லி. தெற்கில் மென்கோதுமை மாவு விரும்பப்படுகிறது, 1883-இல் டென்னசியின் நாக்ஸ்வில்லில் தொடங்கிய 'வைட் லில்லி' அந்த வகை. புரதம் குறைந்த மாவு என்பதால் இழுவை வராது. உப்பு வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் உப்பைத் தனியாகப் போட வேண்டாம்.

வெண்ணெயைச் சிறு கட்டங்களாக வெட்டி, மாவில் புரட்டி, விரல் நுனியால் பட்டாணி அளவுக்கு நசுக்கவும். உள்ளங்கை படக் கூடாது, அதன் சூடு போதும் வெண்ணெய் உருக. தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, பிடித்தால் பிடிபடும் நிலை வந்ததும் நிறுத்தவும். சப்பாத்தி மாவு போலப் பிசைந்துவிட்டால் அது சப்பாத்தி மாவேதான், சுடும்போது சுருங்கும். தட்டையாக அமுக்கி, மூடி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கவும். பிறகு 3 மில்லிமீட்டர் தடிமனில், 30 சென்டிமீட்டர் வட்டமாகத் தேய்த்து, 9 அங்குல அலுமினியத் தட்டில் இழுக்காமல் இறக்கவும். மூலையில் மாவை இழுத்து ஒட்டினால் வேகும்போது அவ்வளவும் கீழே இறங்கிவிடும். விளிம்பை மடித்து அமுக்கி, மறுபடி 30 நிமிடம் குளிரவைக்கவும். சென்னை, மதுரை வெயிலில் ஒவ்வொரு கட்டத்திலும் மாவு தளர்ந்துவிடும். தளர்ந்தால் நிறுத்தி மறுபடி ஃப்ரிட்ஜில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு கனமான பேக்கிங் ட்ரேயை வைத்து 200 டிகிரிக்குச் சூடேற்றவும். மாவின் மேல் அலுமினியத் தாளைப் படிய விரித்து, காய்ந்த கொண்டைக்கடலை 700 கிராம் விளிம்பு வரை நிரப்பவும். பாதியளவு நிரப்பினால் பக்கங்கள் சரியும். சூடான ட்ரேயின் மேல் வைத்து 20 முதல் 25 நிமிடம். தாளோடு கடலையை எடுத்துவிட்டு, அடி பொன்னிறமாகத் தொடங்கும் வரை இன்னும் 6 முதல் 8 நிமிடம். உடனே முட்டை வெள்ளையை அடியெங்கும் மெல்லப் பூசி ஒரு நிமிடம் உள்ளே வைத்தால் சிரப் இறங்காத ஒரு படலம் கிடைக்கும். அந்த வெள்ளைக்கரு தனி முட்டையிலிருந்து வர வேண்டும். பூரணத்துக்கு வைத்த 150 கிராமில் கைவைக்கக் கூடாது.

குளிர்ந்த கண்ணாடித் தட்டைச் சூடான ட்ரேயின் மேல் ஒருபோதும் வைக்காதீர்கள், வெடித்துச் சிதறக்கூடும். இந்த முறைக்கு உலோகத் தட்டே சரி.

பூரணத்துக்கு: கார்ன் சிரப் 270 கிராம், பிரவுன் சுகர் 180 கிராம், வெண்ணெய் 60 கிராம், உப்பு அரை தேக்கரண்டி, முட்டை 150 கிராம், வெனிலா 2 தேக்கரண்டி, வெள்ளை வினிகர் 1 தேக்கரண்டி, வறுத்த பெக்கான் 200 கிராம். பழைய அளவைவிட இனிப்பு குறைத்து, வெண்ணெயையும் பருப்பையும் கூட்டியிருக்கிறோம். உப்பைக் குறைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் இரண்டாவது வாயிலேயே திகட்டும்.

சிரப், சர்க்கரை, வெண்ணெய், உப்பு நான்கையும் சிறு தீயில் சர்க்கரை கரையும் வரை மட்டும் சூடாக்கவும், கொதிக்க விடவேண்டாம். விரல் தாங்கும் சூட்டுக்கு இறக்கியபின் முட்டையை ஊற்றிக் கலக்கவும். கொதிசூட்டில் ஊற்றினால் முட்டை நூல் நூலாகத் திரியும். நுரை எழ அடிக்கக் கூடாது. நுரை மேலே மிதந்து, வெளிறிய ஓடாகக் காய்ந்து, வெட்டும்போது உதிரும். கலவையை ஒரு கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறி 55 டிகிரிக்குக் கொண்டுவரவும். இந்த ஒரு வேலைதான் நடுப்பகுதியைக் காப்பாற்றுகிறது. சூடான கலவை சூடான க்ரஸ்டுக்குள் போனால் ஓரம் முற்றிப்போகும் முன்பே நடு 93-ஐ எட்டிவிடும். குளிர்ந்த கலவையில் ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையே சூட்டு வித்தியாசம் பெரிதாகி, ஒன்று வெந்தால் மற்றது வேகாமல் நிற்கும்.

வெனிலா, வினிகர், பருப்பு சேர்த்து ஊற்றி, 165 டிகிரிக்குக் குறைத்த ஓவனில் அதே ட்ரேயின் மேல் 40 முதல் 50 நிமிடம். பருப்பு தானாக மிதந்து மேலே வந்துவிடும். 35-ஆவது நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்கவும். விளிம்பு முன்னதாகச் சிவந்தால் அலுமினியத் தாளை வளையமாக வெட்டி மூடவும்.

எப்போது எடுப்பது

வெப்பமானியின் முனையைப் பருப்புகளுக்கு இடையே, சரியாக நடுவில், அடி க்ரஸ்டைத் தொடாமல் இறக்கவும். 93 காட்டினால் எடுத்துவிட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் தட்டை லேசாக அசைத்துப் பாருங்கள். ஓரம் இரண்டு அங்குலம் உப்பி நிற்க, நடு ஜெல்லி போல ஒரே பிண்டமாகக் குலுங்க வேண்டும். அலையாகத் தளும்பினால் இன்னும் ஆகவில்லை. கத்தியைக் குத்திச் சுத்தமாக வருகிறதா என்று பார்க்கும் கேக் சோதனை இங்கே ஏமாற்றும், சுத்தமாக வரும்போது பை முற்றியிருக்கும்.

முற்றினால் வேறு தொல்லை. 96, 97 டிகிரியைத் தாண்டும்போது முட்டைப் புரதம் சுருங்கி, பிடித்துவைத்திருந்த சிரப்பை வெளியே பிழிந்துவிடும். மேலே வெடிப்பு, அடியில் தேங்கிய பாகு. அந்தப் பாகைப் பார்த்துவிட்டு 'வேகவில்லை' என்று அடுத்த முறை இன்னும் கூடுதலாக வேகவைப்பவர்கள் உண்டு. அடையாளம் எளிது: வேகாத பையில் நடுப்பகுதி முழுவதும் வழவழப்பாக ஓடும். முற்றிய பையில் உறைந்த பகுதி சிறு துளைகளோடு கரடுமுரடாக இருக்கும், பாகு தனியாகத் தண்ணீர் போலப் பிரிந்திருக்கும்.

வெட்டுவதற்கு முன்பே நடு தளும்புவது தெரிந்தால் காப்பாற்றலாம். தாளால் மூடி 165 டிகிரியில் மறுபடி 15, 20 நிமிடம். வெட்டிவிட்ட பிறகு வழியில்லை.

மாற்றுச் சிரப்

லூசியானாவில் கரும்புச் சிரப் ஊற்றுவார்கள். அபிவில் ஊரில் 1910 முதல் காய்ச்சப்படும் 'ஸ்டீன்ஸ்' அதில் பேர்போனது. நம் நாட்டுச் சர்க்கரைப் பாகின் மணத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். டென்னசி, கென்டக்கி மலைப்பகுதியில் இனிப்புச் சோளத் (மக்காச்சோளம் அல்ல) தண்டின் சாற்றைக் காய்ச்சிய சார்கம் சிரப். இரண்டும் அழுத்தமான சுவை, முழு அளவும் அதையே ஊற்றினால் பெக்கானின் வாசனை அமுங்கிவிடும். பாதி கார்ன் சிரப், பாதி இது என்று தொடங்குவது நல்லது.

கார்ன் சிரப் கிடைக்காத ஊரில் கேக் பொருள் கடையில் விற்கும் லிக்விட் குளுக்கோஸ் உதவும். அது கெட்டி, இனிப்பும் குறைவு. 240 கிராம் எடுத்து 2 மேசைக்கரண்டி வெந்நீரில் இளக்கிக்கொள்ளவும். வெறும் சர்க்கரைப் பாகு மட்டும் ஊற்றினால் மறுநாள் மணல் போலப் பூத்துவிடும். கார்ன் சிரப்பில் உள்ள குளுக்கோஸ் சங்கிலிகள்தான் அந்தப் படிகங்கள் சேராமல் தடுக்கின்றன.

ஆறவைத்தலும் வெட்டுதலும்

இந்த நிகழ்வின் கடைசித் தவறு ஒரு மணி நேரத்தில் வெட்டியது. 93-ஐத் தொட்ட பைகூடச் சூட்டில் தளர்வாகத்தான் இருக்கும். கம்பித் தட்டில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, பிறகு ஃப்ரிட்ஜில் குறைந்தது நான்கு மணி நேரம். முட்டைப் பண்டம் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பதும் சரியில்லை. முதல்நாள் இரவே சுட்டுவிடுவது எல்லா வகையிலும் நல்லது. மூன்று, நான்கு நாள் வரை கெடாது.

வெட்டும்போது கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி ஒரே அழுத்தாக, மேலிருக்கும் பருப்பை அறுத்து இழுக்காமல் இறக்கவும். முதல் துண்டுக்கு இருபுறமும் மட்டுமல்ல, அதற்கு அடுத்த துண்டுக்கும் சேர்த்து மூன்று வெட்டு போட்டுவிட்டால் முதல் துண்டு உடையாமல் எழும். உண்ணும் துண்டை மட்டும் 150 டிகிரியில் 8 நிமிடம் வைத்தால் க்ரஸ்ட் மறுபடி மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவில் வைத்தால் அது தோல்போல இழுபடும்.